பிடிமண் எடுக்காத சாமி

என் அண்ணனுடைய கேழ்வரகுக் காட்டின் நடுவில் ஒரு வழுக்கை இருக்கிறது. ஒரு கயிற்றுக் கட்டில் போடும் அளவு இடம். சுற்றிலும் பயிர் செழித்து நிற்கும்போதும் அங்கே மட்டும் மண் கறுத்துப்போய், புல்கூட முளைக்காமல் கிடக்கும். உழவுக்கு வருகிற டிராக்டர்காரர் வெளியூர் ஆள், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் வளைத்துத்தான் ஓட்டுகிறார். அண்ணன் அப்படி ஓட்டச் சொல்லியிருக்கிறான்.

முன்பென்றால் 'சொல்லியிருக்கிறார்' என்று எழுதியிருப்பேன். அண்ணனைப் பற்றி வெளியாட்களிடம் பேசும்போது எனக்கு அவர், இவர் என்றுதான் வாயில் வரும். இப்போது வருவதில்லை. மரியாதை தெரியாதவள் என்று நினைக்கிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த வழுக்கையில் வேடியப்பன் சாமி இருந்தது. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் காடுகளுக்கு நடுவே இப்படிக் கற்கள் நிற்பதை நிறையப் பார்க்கலாம். இடுப்பளவு உயரப் பலகைக் கல். அதில் ஒருவன் வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பான், காலடியில் மாடுகள் இருக்கும். எந்தக் காலத்திலோ மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட நடுகல் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். செத்தவன் யாரென்றும் தெரியாது, நட்டவன் யாரென்றும் தெரியாது. எங்களுக்கு அது வேடியப்பன், அவ்வளவுதான். எண்ணெய், மஞ்சள், பொங்கல், சேவல் எல்லாம் வருஷம் தவறாமல் நடக்கும். எண்ணெய் வழிந்து வழிந்து, பொங்கல் அடுப்பின் சாம்பல் படிந்து படிந்து, கல்லைச் சுற்றியிருந்த மண் கறுத்து இறுகிவிட்டது. கல் போன பிறகும் அந்த மண் மாறவில்லை. ஒவ்வொரு மழைக்கும் உடைந்த அகல் விளக்கு ஓடுகள் மேலே வந்துகொண்டே இருக்கின்றன.

கல் எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பா உயிரோடு இருந்தபோது எனக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார். வேடியப்பன் இருந்த காட்டுக்குக் கிழக்கே, ரோட்டை ஒட்டிய மேடு. சரளை மண், துவரைகூடச் சரியாக வராது. யாருக்கும் உதவாத இடத்தைப் பெண்ணுக்குக் கொடுப்பதில் யாருக்கு என்ன வருத்தம்? எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அப்பா நான்கு மூலைக்கும் நடந்து காட்டினார். அண்ணன்தான் குழி தோண்டி மூலைக்கல் நட்டான். நட்டு முடித்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"இங்க நீ ஒரு வூடு கட்டிட்டீன்னா நல்லாருக்கும் பாப்பா. காட்டுல நின்னு ஒரு சத்தம் குடுத்தா காப்பி வந்துரும்."

எங்கள் பக்கம் தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். தலையில் நரை விழுந்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். அது ஒன்றில் அவன் இன்றுவரை குறை வைக்கவில்லை.

எழுதி வாங்கவில்லையா என்று கேட்பீர்கள். நான் வேலை பார்ப்பது தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில். ஊரார் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் தினமும் என் கை வழியாகத்தான் போகின்றன. அண்ணன் தம்பி வழக்கு, அக்கா தங்கை வழக்கு என்று எத்தனையோ பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடப் பிறந்தவர்களே இப்படியா என்று உச்சுக் கொட்டியிருக்கிறேன். நம் அண்ணன் அப்படி இல்லை என்று ஒரு நினைப்பு. நல்ல நினைப்பு!

அந்த நினைப்புக்குக் காரணமும் இருந்தது. என் முதல் பிரசவத்தில் நான் பிழைப்பது கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, வீட்டுக்குக்கூடப் போகாமல் வராந்தாவில் படுத்துக் கிடந்தவன் அவன். எனக்கு ரத்தம் கொடுத்தவன் அவன். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் நடந்து முடிந்த பிறகு ஒருநாள், கடைக்கு வந்த நர்ஸ் ஒருத்தியிடம், அப்போது ஏற்றிய ரத்தம் இன்னும் உடம்பில் இருக்குமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்பவே போயி புது ரத்தம் ஊறியிருக்குங்க" என்றாள்.

கேட்க நிம்மதியாக இருந்தது.

அப்பா போய்ச் சேர்ந்தார். ரோடு அகலமானது. எதிரில் பெட்ரோல் பங்க் வந்தது, அதை ஒட்டி ஒரு பிரியாணிக் கடை வந்தது. சரளை மேடு திடீரென்று எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்தது. என் கண்ணுக்கு அது எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு அவர்தான் ஒயரிங் செய்திருக்கிறார். நாங்கள் மட்டும் வாடகை வீடு மாறி வாடகை வீடு போய்க்கொண்டிருந்தோம். சுவரில் ஆணி அடிக்க ஓனரைக் கேட்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ரோட்டோரம் நம் இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு வார்த்தையில்தான் அத்தனை வருஷமும் ஓடியது.

ஒரு தை மாதம், கட்டிவிடலாம் என்று முடிவு செய்து, மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போனோம். கோடு போடச் சுண்ணாம்புப் பொடியும் கயிறும் கொண்டுபோயிருந்தோம். இறங்கிப் பார்த்தால் என் நிலத்தின் நட்ட நடுவில் வேடியப்பன் நிற்கிறார். புது சிமெண்ட் மேடை, மஞ்சள் துணி, பக்கத்தில் ஒரு சூலம், சூலத்தின் நுனியில் எலுமிச்சம்பழம். சிமெண்ட் இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை. மேஸ்திரி கையில் இருந்த சுண்ணாம்புப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"சாமி இருக்கற எடத்துல நான் கயிறு புடிக்க மாட்டேங்க" என்றார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். பைக்கில் வந்தான். நெற்றி நிறைய விபூதி. அவன் விபூதி பூசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"என்னாண்ணா இது?"

"சாமி பாப்பா."

"சாமின்னு தெரியுது. இங்க எப்படி வந்துச்சு?"

"வரல, திரும்பி வந்துருக்குது. பூர்வீக எடமே இதுதான். அந்தக் காலத்துல ரோடு போட்டப்ப, வண்டித் தூசி சாமி மேல படுதுன்னு தாத்தாதான் தூக்கிட்டுப் போயி காட்டுக்குள்ள வச்சாராம். இப்ப கனவுல வந்து, என் எடத்துக்கு என்னக் கொண்டு போடான்னு கேக்குது. நான் என்ன பண்றது?"

"ஜேசிபி வச்சா கொண்டு வந்த?"

"கல்லு கனமா இருக்குதில்ல."

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. ஒரு சாமியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், பழைய இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய்ப் புது இடத்தில் வைக்க வேண்டும். பிடிமண் என்று அதற்குப் பேர். அந்த மண்ணோடுதான் சாமி வரும். கல்யாணமாகி வெளியூர் போகிறவர்கள்கூடக் குலசாமியை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

"பிடிமண் எடுத்தியாண்ணா?"

"வெளியூரு போற சாமிக்குத்தான் பிடிமண்ணு. சொந்த எடத்துக்கு வர்ற சாமிக்கு எதுக்கு பாப்பா?"

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். பிடிமண் எடுத்தால் காட்டில் இருந்ததுதான் சாமியின் இடம் என்று அவனே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் எடுக்கவில்லை. கடைசியில் என் தோளைத் தொட்டுச் சொன்னான்:

"நெலம் உன்னுதுதான், யாரு இல்லேன்னா? ஆனா சாமி தலைமேல வூடு கட்ட முடியுமா, நீயே சொல்லு. வா, அண்ணி கோழி அடிச்சு வச்சிருக்கறா, சாப்ட்டுப் போலாம். மாப்ள, நீங்களும் வாங்க."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவன் முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் தெரியவில்லை. அதே சிரிப்பு, அதே பாப்பா.

என் வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். சாமியை வைத்து ஏமாற்றியதைச் சாமி முன்னாலேயே கேட்டுவிடலாம், அம்மா இருக்கிறாள் என்றேன். தாத்தா சாமியை நகர்த்தினாரா இல்லையா என்பது தெரிந்த ஒரே ஆள் அம்மாதான். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, மாமனாருக்குக் கஞ்சி ஊற்றியவள். அவள் சாமி முன்னால் பொய் சொல்ல மாட்டாள். ஒரு தடவை பக்கத்துக் காட்டுக்குப் போகிற தண்ணீரை அப்பா எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, திருப்பவே இல்லை என்று சாதித்தார். அம்மாவை வேடியப்பன் முன்னால் நிறுத்திக் கேட்டார்கள். "இவருதாங்க திருப்புனாரு" என்று சொல்லிவிட்டாள். அப்பா ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை. கட்டிய புருஷனுக்கே பார்க்காதவள் மகனுக்குப் பார்ப்பாளா? அந்தத் தைரியத்தில்தான் நான் ஊரைக் கூட்டினேன்.

பெரியவர்கள் சிலர் வந்தார்கள். பூசாரி வந்தார். எல்லோரும் அந்தக் கல்லைக் காட்டுக்குள் வைத்துக் கும்பிட்டவர்கள்தான். என் நிலத்தில், சிமெண்ட் மேடைக்கு முன்னால் சூடத்தை ஏற்றினார்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கல்லை நேராகப் பார்த்தாள். பார்த்துச் சொன்னாள்:

"என் மாமனாரு சொல்லி நான் கேட்டதுங்க. சாமிக்கு இதுதான் பூர்வீக எடம். ரோடு போட்டப்பத்தான் உள்ள தூக்கி வச்சாங்க."

குரல் நடுங்கவில்லை. சூடத்தின் மேல் கை வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்னால் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பூ கேட்டார்கள். பூசாரி கல்லின் தலையில் ஈரத்தோடு ஒரு பூவை ஒட்டவைத்து, இதுதான் உன் இடமென்றால் வலப்பக்கம் கொடு என்று வேண்டினார். கொஞ்ச நேரத்தில் பூ வலப்பக்கம் விழுந்தது. கல்லையே வலப்பக்கம் சாய்த்துத்தான் நட்டிருந்தார்கள் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். ஆனால் அன்றைக்குப் பூ எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அம்மா சொல்லிவிட்ட பிறகு பூ எந்தப் பக்கம் விழுந்தால் என்ன?

"சாமியே சொல்லிருச்சும்மா, வுட்டுரு" என்றார் ஒரு பெரியவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காட்டுக்குள் இருந்த அதே கல்லின் முன்னால் எனக்கு விபூதி வைத்தவர் அவர்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. ஒருவேளை நிஜமாகவே தாத்தா நகர்த்தியிருப்பாரோ என்று யோசிக்க ஆரம்பித்தேன். அண்ணன் ஏமாற்றினான் என்பதை விழுங்கிவிட்டேன், கசந்தாலும் உள்ளே போய்விட்டது. அம்மா ஏமாற்றினாள் என்பது தொண்டையிலேயே நின்றது. அதைவிட, எல்லாமே உண்மை, எனக்குத்தான் விவரம் தெரியவில்லை என்று நம்புவது சுலபமாக இருந்தது. கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மனசுக்குள் தாத்தாவைக் கொண்டுவந்து, கல்லைத் தூக்கவைத்து, காட்டுக்குள் நடக்கவைத்துப் பார்ப்பேன். அவர் நடக்கவே மாட்டார்.

என் நிலத்தில் சாமிக்குத் தகரக் கூரை வந்தது. போர்டு வந்தது. பக்தர்கள் வசதிக்காக என்று ஓரத்தில் ஒரு டீக்கடை வந்தது. பிறகு அதே பக்தர்கள் வசதிக்காக அண்ணன் மகன் ஒரு செல்போன் ரிப்பேர்க் கடை போட்டான். வேடியப்பனுக்கு செல்போன் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறினோம். நான் ஊர்ப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன். நிலத்துக்கு மகன், ஆஸ்பத்திரிக்கு மகள். அண்ணிக்கு வேலை இருந்ததாம். நான் லீவு போட்டுவிட்டு, தருமபுரியில் ஆபரேஷன் முடித்து, சில நாள் என் வீட்டில் வைத்துச் சொட்டு மருந்து விட்டேன். அந்த நாட்களில் அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொல்லி, பஸ் ஏற்றி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பஸ் நிற்கிற இடம் அந்தத் தகரக் கூரைக்கு எதிரிலேயே. இறங்கியதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவும் கும்பிடவில்லை. கண்ணாடி போட்டிருப்பதால் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கையைப் பிடித்து வரப்பில் நடத்திக் கூட்டிப் போனேன். மழை விட்டிருந்தது. கேழ்வரகு கதிர் வாங்கி நின்றது.

"கேவுரு எப்படி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. உன் மவனுக்கு எதுதான் நல்லா இல்ல?"

வழித்தடம் அந்த வழுக்கையை ஒட்டிப் போகிறது. அது வந்ததும் என் கையை உதறிவிட்டு நின்றாள். கண் சரியாகத் தெரியாதவளுக்கு இடம் எப்படித் தெரிந்ததோ. காலாலேயே செருப்பைக் கழற்றி ஓரம் தள்ளினாள்.

"செருப்பக் கழட்டுடி. சாமி இருக்கற எடம்னு தெரியாதா உனக்கு?"

கழற்றக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தேன்.

"எந்தச் சாமிம்மா?"

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"சாமிதான் ரோட்டோரம் போயிருச்சே. அதான் பூர்வீக எடம்னு நீதான சூடத்து மேல கை வச்சு சொன்ன?"

"அது கல்லு" என்றாள் மெதுவாக. "கல்லத்தான தூக்கிட்டுப் போனான். பிடிமண்ணு எடுக்காம சாமி எப்படிடி வரும்? அது இங்கயேதான் இருக்குது."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா சாமி முன்னால் பொய் சொல்லவில்லை. சாமி இல்லாத கல்லின் முன்னால் சொல்லியிருக்கிறாள். அவன் எடுக்காமல் விட்ட ஒரு பிடி மண்ணை நம்பி, அங்கே யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில், நேராகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் குரல் நடுங்கவில்லை. அங்கே நான் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"அப்படின்னா இங்க நின்னு சொல்லு. தாத்தாதான் தூக்கி வச்சாருன்னு இந்த மண்ணுல நின்னு சொல்லும்மா."

வழுக்கையை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். "சொல்ல மாட்டேன்."

"சரி, ஊருல வந்து நெசத்தச் சொல்லு."

"அதுவும் சொல்ல மாட்டேன். உனக்கு ஒரு வூடு இருக்குது, புருசன் இருக்கறான். நான் அவன் வூட்லதான் சாவணும்."

"எனக்கு எங்கம்மா வூடு இருக்குது?"

காற்றில் கதிர்கள் உரசிக்கொண்டிருந்தன. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, செருப்பைக் கழற்றாமல் நடந்து போய் அந்த வழுக்கையின் நடுவில் நின்றேன். காலடியில் அகல் ஓடு ஒன்று நொறுங்கியது. இங்கேயே இருக்கிற சாமி இத்தனை நாளும் எனக்காக என்ன செய்தது? அதுவும் என் வீட்டு ஆட்களோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டுதானே இருந்தது? இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றேன்.

"ஐயோ, ஐயோ" என்று அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். தடவிக்கொண்டே வந்து என் காலைக் கண்டுபிடித்து, கீழே உட்கார்ந்தாள்.

"குனியாதம்மா" என்று என்னை அறியாமல் என் வாய் சொன்னது.

அவள் காதில் வாங்கவில்லை. நெற்றி மண்ணில் படக் குனிந்தாள். என் செருப்புப் பட்ட இடத்தைக் கையால் துடைத்தாள். அந்த மண்ணைத் தொட்டுக் கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள்.

"புத்தி கெட்டுப்போயி பண்ணிட்டா சாமி. மன்னிச்சுரு. என் பொண்ண ஒண்ணும் பண்ணிராத."

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. நான் அவளைத் தூக்கி நிறுத்தி, செருப்பை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகவில்லை. அவள் மன்னிப்புக் கேட்டது எனக்காக மட்டும்தான். அவனுக்காகக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.